வேளச்சேரியில் வாடகை வீடு: கேட்கிற வாடகையும் நியாயமான வாடகையும்

சென்னையில் தரமணியிலோ பெருங்குடியிலோ புதிதாக வேலை கிடைத்தவர்கள் முதலில் கேட்பது, "வேளச்சேரியில டூ பெட்ரூம் எவ்வளவு போகுது?" என்பதுதான். இதற்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறவரை நம்ப வேண்டாம். வேளச்சேரி முழுவதற்கும் ஒரு வாடகை என்று கிடையாது. தண்டீஸ்வரம் பக்கம் ஒரு கணக்கு, ராம் நகர் பக்கம் வேறு கணக்கு. ஒரே கட்டடத்தில் தரைத்தளத்துக்கும் இரண்டாம் மாடிக்கும் வித்தியாசம் இருக்கும். ஐந்து வருடமாகக் குடியிருப்பவர் கொடுப்பதற்கும் போன மாதம் பால் காய்ச்சியவர் கொடுப்பதற்கும் இன்னும் பெரிய வித்தியாசம் இருக்கும். அதனால் சராசரியைத் தேடி அலையாமல், நீங்கள் பார்க்கிற அந்த ஒரு வீட்டுக்கு இன்றைய நியாயமான வாடகை எவ்வளவு என்று நீங்களே கணிக்கப் பழகுங்கள். பேரம் பேசத் தெம்பு வருவதும் அதனால்தான்.

முதலில்: இங்கே வாடகையை ஏற்றுவது எது, இறக்குவது எது

2000ல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு, பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் வந்தன. அங்கே வேலை செய்பவர்கள் குடியிருக்கத் தோதான இடமாக வேளச்சேரி மாறியது. 2007ல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தது. 2013ல் பெரிய மால் வந்தது. ஒவ்வொன்றும் வாடகையை ஒரு படி மேலே தள்ளியது.

இறங்கிய காலமும் உண்டு. 2020 ஊரடங்கில் ஐடி ஊழியர்கள் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்க்கப் போனதும் வீடுகள் காலியாகின. டூ-லெட் போர்டு மாதக்கணக்கில் தொங்கியது. வாடகையைக் குறைக்க மனமில்லாத உரிமையாளர்கள்கூட அட்வான்ஸைக் குறைத்துக்கொண்டார்கள். 2022ல் அலுவலகங்கள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழானது. அந்த இடைவெளியில் ஏறாமல் நின்ற வாடகையையும் சேர்த்துப் பலர் ஒரே மூச்சில் ஏற்றினார்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் இருக்கிறது. பழைய மூன்று மாடி ஃப்ளாட்டுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை நகரம் முழுக்க நடக்கிறது. ஒரு கட்டடம் இடிபட்டால் அதில் இருந்த அத்தனை குடும்பமும் பிள்ளைகளின் பள்ளிக்காக அதே சுற்றுவட்டாரத்தில்தான் வீடு தேடும். சொந்த ஃப்ளாட்டை இடிக்கக் கொடுத்தவருக்குப் பெரும்பாலும் பில்டரே வாடகைப் பணம் கொடுப்பதால் அவர் பெரிதாகப் பேரமும் பேச மாட்டார். பக்கத்துத் தெருவில் இப்படி ஒரு வேலை தொடங்கியிருந்தால் அந்த வருடம் அங்கே விலை இறுக்கமாக இருக்கும். தகரத் தடுப்பு அடித்த மனைகள் எத்தனை என்று கவனித்துக்கொண்டே நடங்கள்.

வரப்போகிற வசதிக்கு இன்றைக்கே பணம் கொடுக்காதீர்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை நீட்டும் வேலை 2008ல் தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் நிலம் எடுப்பதில் வந்த வழக்குகளால் அது பல வருடம் அப்படியே நின்றது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர். அதில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் தடம் இந்தப் பக்கத்து ஐடி சாலை வழியாகத்தான் வருகிறது. "மெட்ரோ வரப்போகுது சார்" என்று வாடகையைக் கூட்டிச் சொன்னால், "வந்த பிறகு கூட்டிக்கலாம் சார்" என்று மரியாதையாகச் சொல்லலாம். அதில் தவறே இல்லை.

இரண்டாவது: தெருவை நடந்து பாருங்கள், தண்ணீரை விசாரியுங்கள்

வேளச்சேரி வாடகையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் மழைநீர். ஏரிக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் நடுவில் வளர்ந்த ஊர் இது. நீர் தங்கவும் ஓடவும் இருந்த தாழ்வான நிலத்தில் பெரும்பகுதி இன்றைக்கு நகர் நகராகப் பிரிந்து நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் ராம் நகர், விஜயநகர், ஏஜிஎஸ் காலனி பக்கங்களில் தண்ணீர் நின்றது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனேயே மக்கள் தங்கள் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள்.

அதற்காக அந்தப் பக்கமே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல அக்கம்பக்கம், ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரம், காய்கறிக்கடை, டாக்டர் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் தண்ணீர் நிற்கும் தெருவுக்கும் நிற்காத தெருவுக்கும் ஒரே வாடகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? உரிமையாளரும் புரோக்கரும் "இங்க தண்ணியே வராது" என்றுதான் சொல்வார்கள். சுவரைப் பாருங்கள். சுற்றுச்சுவரில் ஒரே உயரத்தில் நீளமாக ஓடும் கறை, ஸ்டில்ட் பார்க்கிங்கில் தரையிலிருந்து இடுப்பு வரை மட்டும் புதுப் பெயிண்ட், வழக்கத்தைவிட உயரத்தில் மாட்டிய ஈபி மீட்டர் போர்டு, வாசலில் புதிதாகக் கட்டிய படி அல்லது தடுப்புச் சுவர் — இவையெல்லாம் பார்த்தால் அந்தக் கட்டடத்துக்குள் தண்ணீர் வந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, "அண்ணே, மிக்ஜாம் அப்போ இங்க எதுவரைக்கும் தண்ணி இருந்துச்சு?" என்று கேளுங்கள். வந்ததா என்று கேட்டால் ஆமாம் இல்லை என்று முடித்துவிடுவார்கள். எதுவரைக்கும் என்று கேட்டால் கையால் அளந்தே காட்டுவார்கள். எத்தனை நாள் கரண்ட் இல்லை, சம்ப்பில் வெள்ளநீர் கலந்ததா என்பதையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள். மேல் மாடியில் இருந்தாலும் லிப்ட் நின்று, மோட்டார் ஓடாமல், குடிநீரும் இல்லாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பது வயதானவர்கள் உள்ள வீட்டுக்குப் பெரிய கஷ்டம்.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலை போய்ப் பாருங்கள். வேறு எந்த விசாரிப்பும் அதற்கு ஈடாகாது.

கோடைத் தண்ணீரும் இதே அளவு முக்கியம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, நகரமே லாரியை நம்பி நின்றது. மெட்ரோ வாட்டர் குழாய் இருக்கிறதா, போர் தண்ணீர் மஞ்சளாக வருகிறதா, ஏப்ரல் மே மாதங்களில் லாரி வாங்குகிறார்களா, வாங்கினால் அந்தச் செலவு மெயின்டெனன்ஸில் அடக்கமா தனியா — இத்தனையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாத்ரூம் குழாயின் அடியில் படிந்திருக்கும் கறையே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

மூன்றாவது: விளம்பர விலையை நம்பாமல் முடிந்த விலையைக் கண்டுபிடியுங்கள்

இணையதளத்தில் இருப்பது உரிமையாளர் கேட்கிற விலை. வீடு அந்த விலைக்கு முடிந்ததா என்பது அங்கே தெரியாது. பார்க்கிற விளம்பரங்களைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். காணாமல் போனவை ஏறக்குறைய சரியான விலை. மூன்று வாரம் ஆகியும் அப்படியே கிடப்பவை கூடுதல் விலை, அல்லது படத்தில் தெரியாத ஏதோ ஒரு குறை உள்ள வீடு. இரண்டில் எதுவானாலும் பேச இடம் இருக்கிறது.

அப்புறம் நேரில் விசாரியுங்கள். ஒரு தெருவில் எந்த வீடு காலியாகப் போகிறது என்பது இஸ்திரி போடுபவருக்கும் வாட்ச்மேனுக்கும் புரோக்கருக்கு முன்பே தெரியும். குடியிருப்பவர்களிடம் கேட்கும்போது, ஆறு மாதத்துக்குள் குடிவந்தவரைத் தேடிக் கேளுங்கள். பழைய குடித்தனக்காரர் சொல்லும் வாடகை உண்மைதான். ஆனால் நல்லவர்கள், நேரத்துக்குக் கொடுப்பவர்கள் என்பதற்காக உரிமையாளர் பெரிதாக ஏற்றாமல் விட்ட வாடகை அது. அதை வைத்துப் பேசினால் உங்களுக்கு அந்த விலை கிடைக்காது, மனவருத்தம்தான் மிஞ்சும்.

சதுர அடி சொல்லும்போது எந்த அளவு என்று கேளுங்கள். படிக்கட்டு, லிப்ட் எல்லாவற்றிலும் பங்கு சேர்த்துச் சொல்லும் அளவு ஒன்று, சுவருக்குள் நீங்கள் உண்மையில் புழங்கும் அளவு ஒன்று. அளக்கும் டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள். ஹால், படுக்கையறை அளவுகளைக் குறித்துக்கொண்டால் இரண்டு வீடுகளை நேர்மையாக ஒப்பிடலாம்.

தனியாக அல்லது நண்பர்களோடு தங்குபவர்களுக்கு இன்னொரு சுமை. "பேமிலிக்கு மட்டும்" என்ற வாசகத்தை நிறைய இடத்தில் பார்ப்பீர்கள். வீடு கொடுப்பவர்களிலும் சிலர் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, குடும்பத்துக்குக் கேட்பதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். என்ன சாப்பிடுவீர்கள் என்பதில் தொடங்கி, சாதியையும் மதத்தையும் சுற்றி வளைத்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இது அநியாயம். அப்படிக் கேட்கும் வீட்டில் கெஞ்சிக் குடிபோக வேண்டாம் என்பதே என் கருத்து. போகப் போக விருந்தாளி வருவதிலிருந்து ராத்திரி லேட்டாக வருவது வரை எல்லாவற்றுக்கும் அங்கே கேள்வி வரும்.

நான்காவது: வாடகையைத் தாண்டிய மாதச் செலவு

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வாடகை, மெயின்டெனன்ஸ், மின்சாரம், தண்ணீர், பார்க்கிங், போக்குவரத்து. இவற்றின் கூட்டுத்தொகைதான் அந்த வீட்டின் உண்மையான விலை.

இதில் புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது மின்சாரத்தில். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம். உங்கள் வீட்டுக்குத் தனி ஈபி இணைப்பு இருந்து, இரண்டு மாதத்தில் 400 யூனிட் ஓடினால் ஏறத்தாழ 1,200 ரூபாயை ஒட்டி வரும். அதே 400 யூனிட்டுக்கு உரிமையாளர் தன் இணைப்பிலிருந்தே கரண்ட் கொடுத்து, அதை அளக்க ஒரு சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினால் 3,600 ரூபாய். மாதத்துக்கு 1,200 ரூபாய் வாடகை கூடியது போலத்தான் இது. ஏசி ஓடும் வீட்டில் வித்தியாசம் இன்னும் பெரிதாகலாம். எனவே "ஈபி தனி மீட்டரா, சப்-மீட்டரா?" என்பதை வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள். மோட்டார், லிப்ட், மாடிப்படி விளக்குக்கான பொது இணைப்புக்கு வேறு கட்டணம், அதற்கு இலவச யூனிட்டும் கிடையாது. மெயின்டெனன்ஸ் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி வாங்கி, பழைய வருமான வரி முறையில் கழிவு கேட்பவராக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். "பான் எல்லாம் தரமாட்டோம், கேஷாகக் கொடுங்க" என்கிற வீட்டில் நீங்கள் இழக்கும் வரிச் சலுகையையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, காலை எட்டரை மணிக்கு ஒரு முறை வீட்டிலிருந்து அலுவலகம் போய்ப் பார்த்துவிடுங்கள். விஜயநகர் சந்திப்பில் மேம்பாலம் வந்த பிறகும், நெரிசல் நேரத்தில் 100 அடி ரோட்டைத் தாண்டுவது தனி வேலைதான். அலுவலகம் தரமணியில் என்றால் ரயிலில் ஏறி இரண்டாவது நிலையத்தில் இறங்கிவிடலாம். நிலையத்துக்கு நடந்து போகிற வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுப்பது சரியென்றே நினைக்கிறேன்.

ஐந்தாவது: மாதம் பார்த்துத் தேடுங்கள்

சென்னை வாடகைச் சந்தைக்குத் தமிழ் மாதங்களே பருவம். ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள், புரட்டாசியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. பள்ளி திறக்கும் முன், சித்திரை வைகாசியில் குடும்பங்கள் மொத்தமாக மாறும். அதே சமயத்தில் கல்லூரி முடித்தவர்கள் வேலைக்கு வந்து இறங்குவார்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பேரத்துக்கு ஆள் மசிய மாட்டார்கள்.

ஆனி கடைசியில் காலியான வீடு ஆடி முடியும்வரை பூட்டியே கிடக்கும் என்பது உரிமையாளருக்கும் தெரியும். உங்களுக்கு மாதம் பார்க்கும் வழக்கம் இல்லையென்றால், "நாங்க ஆடியிலயே வந்துடறோம் சார்" என்ற ஒரே வாக்கியத்துக்கு மதிப்பு உண்டு. ஒரு மாத வாடகை வீணாகாமல் தப்பிக்கும் உரிமையாளர், மாதம் ஆயிரம் குறைக்கச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். சிலர் ஆடியில் குடிவைக்கவே மாட்டார்கள். அப்போது இப்போதே விலை பேசி டோக்கன் கொடுத்து, ஆவணி முதல் வாரத்திலிருந்து வாடகை தொடங்கும்படி கேளுங்கள். வழக்கம் பார்க்கிறவர்களும் மார்கழியில் வீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் குடிபோகலாம்.

ஆறாவது: அட்வான்ஸும் பேரமும்

சென்னையில் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது எழுதாத சட்டம். இன்றைக்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர் - குடியிருப்போர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதற்கு இடமும் விடுகிறது. எனவே ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. முதலிலேயே பேச வேண்டும்.

பேசும்போது கணக்கோடு பேசுங்கள். 25,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 2,50,000, மூன்று மாதம் என்றால் 75,000. நடுவில் உள்ள 1,75,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் வருடத்துக்கு 12,250, அதாவது மாதம் ஆயிரத்துச் சொச்சம். அந்தப் பணம் உரிமையாளரிடம் வட்டியில்லாமல் இருக்கப் போகிறது. "அட்வான்ஸ் கூடுதலா வேணும்னா வாடகையில ஆயிரம் குறைச்சுக்கோங்க அம்மா" என்று கேட்பதற்கு இதுவே நியாயம்.

வாடகையே இல்லாமல் மொத்தமாகச் சில லட்சங்களை வாங்கிக்கொண்டு வீட்டை விடும் லீஸ் முறையும், அதாவது ஒத்தி, இங்கே உண்டு. கேட்க ஆசையாக இருக்கும். வீட்டின் மேல் பதிவான கடன், அடமானம் இருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் அதில் இறங்கவே வேண்டாம். வீடு வங்கிக் கடனில் இருந்து உரிமையாளர் தவணை கட்டாமல் போனால், உங்கள் பணத்துக்காக நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

ஏழாவது: ஒப்பந்தத்தில் ஏற்றத்தை எழுதி வாங்குங்கள்

வருகிற வருடங்களின் வாடகை முடிவாவது இங்கேதான். ஒப்பந்தங்களில் ஏற்றம் 5லிருந்து 10 சதவீதம் என்று பார்க்கலாம். 25,000 ரூபாய் வாடகை மூன்று ஏற்றத்துக்குப் பிறகு 5 சதவீதத்தில் 28,940 ரூபாய் ஆகும், 10 சதவீதத்தில் 33,275 ஆகும். இன்றைக்கு 500 ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுபவர்கள் இந்த வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். "அப்போதைய மார்க்கெட் நிலவரப்படி" என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு ஒரு சதவீதத்தை எழுதச் சொல்லுங்கள். ஏற்றம் 11 மாதத்துக்கு ஒரு முறையா, 12 மாதத்துக்கு ஒரு முறையா என்பதையும் பாருங்கள். 11 மாதம் என்பது ஒப்பந்தத்தின் காலம்தான், வாடகையும் அன்றே ஏற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பதினொரு மாத ஒப்பந்தம் எங்கும் பதிய வேண்டாம் என்று இன்னமும் சொல்வார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது ஒன்று. அட்வான்ஸ் பற்றிச் சொன்ன அதே 2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை வருவாய்த் துறையின் வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. இரண்டாவதை இணையத்திலேயே செய்யலாம், அதற்கென அரசு தளம் இருக்கிறது. நாளைக்கு ஏற்றத்திலோ அட்வான்ஸிலோ தகராறு வந்தால் அந்தப் பதிவு எண் கையில் இருப்பது நல்லது.

பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், மோட்டார் பழுது யார் செலவு, முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குள் வரலாமா — இவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த உரிமையாளருக்குச் சட்டம் இடம் தரவில்லை.

எட்டாவது: ஏற்றம் கேட்கும் நாளும், சாவி கொடுக்கும் நாளும்

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே மூன்றாவது படியில் செய்த விசாரிப்பை ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். தெருவில் இதே போன்ற வீடு என்ன விலைக்கு முடிகிறது என்பது தெரிந்தால், கேட்கிற ஏற்றம் நியாயமா என்று தெரியும். மாறுவதற்கும் செலவு உண்டு. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வண்டி, ஆள் கூலி, புது வீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் அட்வான்ஸில் இழக்கிற வட்டி, பழைய வீட்டில் பெயிண்டிங் பிடித்தம். இதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஏற்றம் அதைவிடக் குறைவென்றால் இருப்பதே மேல். உரிமையாளருக்கும் இதே கணக்கு உண்டு. நீங்கள் போனால் ஒரு மாதம் வீடு காலி, பெயிண்டிங் செலவு, புது ஆள் எப்படியோ என்ற கவலை. அதனால் ஒழுங்காக வாடகை கொடுத்தவர், "இவ்வளவுதான் முடியும் சார், ரெண்டு வருஷம் இருக்கிறோம்" என்று சொன்னால் பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

குடிபோகும் அன்று சுவர், குழாய், கதவு, கப்போர்ட், ஈபி மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, உரிமையாளருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் அன்று அதே இடங்களைத் திரும்ப எடுங்கள். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்று இழுப்பவர்கள் உண்டு. ஆகவே நோட்டீஸை வாட்ஸ்அப்பிலாவது தேதியோடு எழுத்தில் கொடுங்கள். பிடித்தம் எவ்வளவு என்பதைச் சாவி கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். பணம் வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்துவிட்டுக் கடைசிச் சாவியைக் கொடுங்கள்.